மூன்றாம் லயத்துக் குழாய்

நரிப்பாறைத் தோட்டம், மேல்கணக்கு
11 ஜனவரி 1954

அன்புள்ள சரிபுதீன் நானாவுக்கு இசபெல் எழுதுவது.

செரீபாவும் பிள்ளை பைஸரும் நலமா? பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இனிமேல் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்று செரீபாவிடம் சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்கத்தான் ஆசை. ஆனால் இந்த மாதம் மட்டும் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில் மூன்று பிரசவம். இருக்கிற ஒரே மிட்வைப் நான்தான் என்பதால் மருந்துக் காம்பராவை விட்டு அசைய முடியவில்லை. தோட்டத்துத் தபால்காரர் பொன்னையாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். போன வாரம் நாலு பேர் சங்கிலியும் முளைக்குச்சியுமாக வந்து, எங்கள் ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்கு மேலே இருக்கிற ஊற்றை அளந்துவிட்டுப் போனார்கள். உங்கள் பட்டின சபை அங்கே தொட்டி கட்டப் போகிறதாம். அங்கிருந்து டவுனுக்குக் குழாயில் தண்ணீர் போகுமாம். தோட்டத்துப் பெரிய தொரை சம்மதம் கொடுத்துவிட்டார் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சொன்னார். தொரை பங்களாவுக்கும் தேயிலைப் பெக்டரிக்கும் ஒரு கிளைக் குழாய் உண்டாம்.

டவுனுக்குத் தண்ணீர் வருவது நல்லதுதான் நானா. ஆனால் அந்த ஊற்றிலிருந்துதான் எங்கள் பீலிக்கும் தண்ணீர் வருகிறது. நாலு வரிசை லயம், அதில் நாற்பத்தெட்டுக் காம்பராக் குடும்பம், எல்லோருக்கும் தகரத்தை மடித்து வைத்த அந்த ஒரே பீலிதான். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவதற்கும் அதை விட்டால் வேறு கிடையாது. இப்போதே மாசி, பங்குனியில் நூல் மாதிரித்தான் விழும். ஊற்றை அடைத்துத் தொட்டி கட்டினால் அந்த நூலும் இருக்காது.

குழாய் மூன்றாம் லயத்து வாசலை ஒட்டித்தான் இறங்கப் போகிறது. முளை அடித்திருப்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பைப் வைத்துக் கொடுத்தால் போதும். நாற்பத்தெட்டுக் காம்பராவும் கைநாட்டு வைத்த மனுவைச் சபைக்கு அனுப்பியிருக்கிறோம். அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல ஒரு மெம்பர் வேண்டும்.

பைஸர் பிறந்த அன்று, "என்ன வேணும்னாலும் கேளு தங்கச்சி" என்று சொன்னீர்கள். அன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கேட்கிறேன்.

இசபெல்


சரிபுதீன் ஸ்டோர்ஸ், பெரிய வீதி
15 ஜனவரி 1954

அன்புத் தங்கச்சி இசபெல்லுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே இரண்டு தரம் படித்தேன். செரீபாவுக்கும் படித்துக் காட்டினேன். "இதக்கூட அவங்க கேட்டுத்தான் நீங்க செய்யணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். செரீபாவுக்கு வலி கண்டு இரண்டு நாளாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் பாதை உடைந்து கிடந்த அந்த மழையில், நாலு மைல் நடந்து வந்து தாயையும் பிள்ளையையும் என் கையில் கொடுத்தவள் நீ. அதை மறந்தால் நான் மனிதனில்லை.

நேற்றே சேர்மனைப் போய்ப் பார்த்தேன். மனு வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். லயங்கள் சபை எல்லைக்கு வெளியே இருக்கின்றன, அங்கிருந்து வீட்டு வரி வருவதில்லை என்று வழக்கமான பாட்டைப் பாடினார். ஊற்றும் எல்லைக்கு வெளியேதானே இருக்கிறது, அதை மட்டும் எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

நாங்கள் ஏழு மெம்பர்மார். பேக்கரி பியதாச மாத்தயா நல்ல மனிதர், கை தூக்குவார். இன்னொருவரையும் பேசி வைத்திருக்கிறேன். என்னோடு மூன்று. நாலாவது ஆள் எப்படியும் கிடைப்பார். மூன்றாம் லயத்துக்குப் பைப் வரும் தங்கச்சி. இது என் வாக்கு. லயத்து ஆட்களிடம் தைரியமாகச் சொல்லு.

பைஸர் கஞ்சித் தண்ணீரை என் சட்டையெல்லாம் துப்புகிறான்.

உன் நானா,
சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம்
2 மார்ச் 1954

அன்புள்ள நானாவுக்கு,

உங்கள் வாக்கை நாலு லயத்திலும் சொல்லிவிட்டேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், எங்கே போனாலும் பைப்பைப் பற்றித்தான் பேச்சு.

சபையின் கொந்தராத்துக்காரர் குழாய் புதைக்கக் கான் வெட்ட எங்கள் ஆட்களையே எடுத்திருக்கிறார். மூன்றாம் லயத்து மாயாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வெட்டுகிறான். நல்ல வேலைக்காரன், வாய் பேசமாட்டான். அவன் பெண்சாதி அங்காயி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அவளுக்கு இது முதல் பிள்ளை, ஜூன் மாதம் பிறக்கும். மூன்று தரம் தங்காமல் போய், இது நாலாவதாகத் தங்கியது. "மிட்வைபம்மா, எம் பிள்ளைக்கு மொதத் தண்ணி பைப்புத் தண்ணிதான். நீங்க பீலித் தண்ணியத் தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் பெக்க மாட்டேன்" என்கிறாள். பீலிக்கரையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நேற்று இவர்களாகவே மூன்றாம் லயத்து முனையில் மண்ணைச் சமப்படுத்தி, ஆற்றுக் கல் கொண்டுவந்து பதித்துவிட்டார்கள், பைப் நிற்கும் இடமாம். கூட்டம் எந்தத் தேதி என்று எழுதுங்கள். அன்றைக்குக் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வைக்கிறேன்.

இசபெல்


பெரிய வீதி
27 மார்ச் 1954

இசபெல் தங்கச்சிக்கு,

கூட்டம் நேற்று முடிந்தது. நரிப்பாறை லயங்களுக்குப் பைப் கொடுக்கும் பிரேரணை தோற்றுவிட்டது. ஆதரவாக மூன்று பேர், எதிராக நாலு பேர். எனக்கும் மனவருத்தம்தான். எல்லை, வரி, தண்ணீரின் அளவு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அடுத்த வருடத் திட்டத்தில் இதைச் சேர்க்க முயற்சி செய்யலாம் என்று சேர்மன் சொல்லியிருக்கிறார். நானும் என்னால் முடிந்ததைப் பேசினேன்.

கடையில் சித்திரைப் புத்தாண்டுச் சரக்கு வந்து இறங்கும் நேரம். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். லயத்து ஆட்களைப் பொறுமையாக இருக்கச் சொல்.

சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம்
5 ஏப்ரல் 1954

சரிபுதீன் நானாவுக்கு,

உங்கள் கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. நீங்கள் சின்னக் கடிதம் எழுதுகிற ஆளில்லை. அதனால் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆதரவாக மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் நீங்கள் போட்ட கணக்கிலும் மூன்று பேர்தான் இருந்தார்கள், உங்களையும் சேர்த்து. நாலாவது ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். லயத்திலும் அப்படித்தான் சொன்னேன். அங்காயி மட்டும், "அந்த மொதலாளி நம்ம பக்கம் பேசினாருல்ல, அது போதும்மா" என்றாள்.

நேற்றுப் பொன்னையா டவுனிலிருந்து வேறு கதை கொண்டுவந்தார். பள்ளிவாசல் சந்துக்குக் குழாய் போகிறதாம். சந்து ஆட்கள் உங்களுக்கு மாலை போட்டார்களாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் கை எந்தப் பக்கம் எழும்பியது?

இசபெல்


பெரிய வீதி
19 ஏப்ரல் 1954

தங்கச்சி,

இரண்டு வாரம் இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நீ கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எதிராக எழும்பியது என் கைதான். நாம் தேடிய நாலாவது ஆள் கிடைத்திருந்தார்; எதிர்ப்பக்கத்து நாலாவது கை என்னுடையது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். பியதாச மாத்தயா பிரேரணையைக் கொண்டுவந்தார். நான் எழுந்து உங்களுக்காகப் பேசினேன். அது பொய்யில்லை. பேசி முடித்து உட்காருவதற்குள் சேர்மன் எஞ்சினியரின் வரைபடத்தை மேசையில் விரித்தார். சுவரோரத்து வாங்குப் பலகையில் பள்ளிவாசல் சந்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யார் வரச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சேர்மன் சிங்களத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். மேலே லயத்தில் ஒரு பைப்பைத் திறந்துவிட்டால் குழாயின் கடைசியில் இருக்கிற சந்துக்குத் தண்ணீர் ஏறாது. சந்துக்கா, லயத்துக்கா, சரிபுதீன் முதலாளியே முடிவு சொல்லட்டும் என்றார்.

எஞ்சினியரைப் பார்த்தேன். தலையாட்டினார்.

சந்தில் இருபத்திரண்டு வீடு. கோழிக்கடைக்காரர், பீடி சுற்றுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். அந்தப் பெண்கள் ஆற்றிலிருந்து படியேறித் தண்ணீர் தூக்குகிறார்கள். விதவை சாரா உம்மா போன மழைக்கு அந்தப் படியில் விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறாள். அவள் மகன் ஹசன் வாங்கில் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும். இது ஒரு காரணம். இதை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. சந்தில் நாற்பது ஓட்டு இருக்கிறது. நான் போன தடவை ஜெயித்தது பதினேழு ஓட்டில். உங்கள் லயத்தில் நாற்பத்தெட்டுக் காம்பராவிலும் ஓர் ஓட்டு இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் சட்டம் போட்டு அதைப் பறித்துவிட்டார்கள். கை தூக்கியபோது இது என் மனதில் இருந்தது. இருந்தது தங்கச்சி. இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

செரீபா என்னோடு பேசி ஒரு வாரமாகிறது.

சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம், மேல்கணக்கு
24 பெப்ரவரி 1955

பட்டின சபை உறுப்பினர் சரிபுதீன் அவர்களுக்கு,

பத்து மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் செரீபா கொடுத்தனுப்பிய பெருநாள் பலகாரத்தையும் திருப்பி அனுப்பியதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. இதையும் உறவுக்காக எழுதவில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் வேலை செய்கிறவள் சபைக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்கிறேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு மழை இல்லை. உங்கள் தொட்டி நிரம்புவதற்கே ஊற்று போதவில்லை. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பீலியில் சொட்டுவது நின்றது. அன்றிலிருந்து லயத்து ஆட்கள் கீழே பள்ளத்து ஓடையில் அள்ளுகிறார்கள். நாலு லயத்துக் கக்கூஸ் கானும் அந்த ஓடையில்தான் போய் விழுகிறது. காய்ச்சிக் குடியுங்கள் என்று காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன். விடியமுன் பெரட்டுக்குப் போய் இருட்டினபின் வருகிறவர்கள், சோறு ஆக்குகிற விறகுக்கே அலைகிறவர்கள். சிலர் கேட்டார்கள், சிலரால் முடியவில்லை.

பெப்ரவரி ஆறாம் தேதி முதல் காய்ச்சல். நெருப்புக் காய்ச்சல், டைபொயிட் என்று டாக்டர் பத்தாம் தேதி உறுதி சொன்னார். பதினேழு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அதற்கு மேல் அங்கே கட்டில் இல்லை. இதுவரை இறந்தவர்கள்: ஒன்றாம் லயத்து அழகன், வயது ஐம்பது. அதே லயத்துச் செவந்தி, வயது பதினொன்று. நாலாம் லயத்தில் கங்காணி சின்னராசாவின் தாய். மூன்றாம் லயத்து அங்காயி, வயது இருபத்தாறு.

அங்காயிக்கு ஜூன் மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. முருகேசு என்று பெயர். பீலித் தண்ணீரைத்தான் தூக்கிப் போனேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றாள். காய்ச்சல் வந்தபிறகு எட்டாம் நாள் வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கேட்டு அழுதாள். நான்தான் கொடுக்கவிடவில்லை. பிள்ளையைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் வைத்திருந்தோம். அது அழுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும். பதினான்காம் நாள் அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. முந்தாநாள் அடக்கம் செய்தோம்.

பதில் தேவையில்லை.

இசபெல்
தோட்ட மிட்வைப்


பெரிய வீதி
1 மார்ச் 1955

தங்கச்சி இசபெல்லுக்கு,

பதில் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் லாரியில் ஆறு பீப்பாய் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். மூன்றாம் லயத்து வாசலில் லாரியை நிறுத்தினேன். பெண்கள் குடத்தோடு வந்தார்கள், வரிசையாக நின்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாயாண்டி காம்பரா வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். "தண்ணி புடிக்கலியா மாயாண்டி?" என்று கேட்டேன். இத்தனை வயதுக்கு என் வாயில் அதுதான் வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "புள்ளைக்கு இருக்குதுங்க" என்றான்.

அவசரக் கூட்டம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி நடக்கும். இந்த முறை பிரேரணை என் பெயரில். சந்துக்குத் தண்ணீர் ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும்.

சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம்
9 மார்ச் 1955

சரிபுதீன் நானாவுக்கு,

உங்கள் கூட்டம் வரைக்கும் இங்கே யாரும் காத்திருக்கவில்லை. நடந்தது டவுன் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நான் மேலே வரும்போது பதினொரு மணி இருக்கும். மாயாண்டி தான் வெட்டி மூடிய கானைத் தானே திரும்பத் தோண்டிக்கொண்டிருந்தான். சுற்றி இருபது முப்பது பேர் நின்றார்கள். நான் "மாயாண்டி, வேணாம்ப்பா" என்றேன். அவன் நிறுத்தவில்லை. குழாய் தெரிந்ததும் பொருத்து இருந்த இடத்தில் சுத்தியலால் நாலு அடி. தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாயாண்டி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பெண்சாதி செத்த அன்றுகூட அழாதவன் அப்போதுதான் அழுதான். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் மற்றவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ.

பொலிஸ் வந்தபோது, "நான் ஒருத்தன்தாங்க செஞ்சேன், வேற யாருக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறினான். பிள்ளை இப்போது என்னிடம் இருக்கிறது.

டவுனில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் போனதாகச் சொன்னார்கள். சாரா உம்மாவுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். அதற்காக வருந்துகிறேன்.

உங்களைத் திரும்பவும் ஒன்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். வழக்கைச் சபைதான் போட்டிருக்கிறது. மாயாண்டி குற்றத்தை ஒப்புக்கொள்வான். ஆனால் ஏன் உடைத்தான் என்று சொல்ல அவனுக்கு வராது. நான் சொன்னால் தோட்டத்து ஆள் தோட்டத்து ஆளுக்குச் சாட்சி என்பார்கள். நாங்கள் மனுக் கொடுத்தோம், சபைக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று ஒரு மெம்பர் கோட்டில் எழுந்து சொல்ல வேண்டும். உங்களால் முடியுமா?

முடியாவிட்டால் முன்னாலேயே எழுதிவிடுங்கள். வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இசபெல்


பெரிய வீதி
30 மார்ச் 1955

தங்கச்சி,

நீ கோட்டில் பின்வரிசை வாங்கில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிள்ளை அழுததால் பாதியில் எழுந்து வெளியே போனாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

மனு வந்தது, மெம்பர்மார் எல்லோரும் அதைப் பார்த்தோம், பீலி வற்றும் என்று எங்களுக்குத் தெரியும் என்று நான் சொன்னதுவரை நீ கேட்டிருப்பாய். அதன் பிறகு நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்டார், "தெரிந்திருந்தும் நீர் என்ன செய்தீர்?" என்று. பைப் கொடுக்க வேண்டாம் என்று கை தூக்கினேன் என்றேன். "ஏன்?" என்றார். சந்தைப் பற்றி, தண்ணீர் ஏறாததைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் கூண்டில் மாயாண்டி நின்றுகொண்டிருந்தான். "அவங்களுக்கு ஓட்டு இல்லீங்க" என்றேன். கோட்டு மொழிபெயர்ப்பாளர் முதலியார் அதை நீதவானுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். சேர்மன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாயாண்டிக்குச் சிறை இல்லை. நன்னடத்தைப் பிணையில் விட்டுவிட்டார்கள். அதை நீயே அறிவாய்.

நான் சொன்னது பேப்பரில் வந்துவிட்டது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டாம் தேதி நடக்காமல் தள்ளிப்போன கூட்டம் நேற்று நடந்தது, அதில் லயத்துக்குப் பைப் கொடுக்கும் பிரேரணை ஏழுக்கு ஏழு நிறைவேறியது. எதிர்த்தவர் யாருமில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் நாலு கை எழும்பிய இடத்தில் நேற்று ஒன்றுகூட எழும்பவில்லை. வரைபடத்தை யாரும் விரிக்கவில்லை. இவ்வளவு சுலபமான காரியமா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பியதாச மாத்தயா என் தோளைத் தட்டினார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம்
20 ஓகஸ்ட் 1955

சரிபுதீன் நானாவுக்கு,

பைப்பில் மே மாதத்திலிருந்து தண்ணீர் வருகிறது. அதைத் தெரிவிக்காமல் இருந்தது என் தவறு. உங்கள் சந்தில் விடியற்காலையில் மட்டும்தான் தண்ணீர் ஏறுகிறது, பெண்கள் உங்கள் கடைவாசலில் வந்து சண்டை போட்டார்கள் என்று செரீபா எழுதியிருந்தாள். நீங்கள் அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லையாமே.

மாயாண்டியைத் தோட்டம் ஏப்ரலிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. கோட்டுக்குப் போய் வந்தவன் என்று காரணம். காம்பராவையும் காலி செய்யச் சொன்னார்கள். வட்டகொடைப் பக்கம், திம்புள்ளப் பக்கம் எல்லாம் நடந்து பார்த்தான். பைப் உடைத்த மாயாண்டி என்றால் எந்தக் கண்டாக்கும் பேர் பதிய மாட்டேன் என்கிறார். பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பமும் நிராகரித்து வந்துவிட்டது. இந்தியாவுக்குப் போகப் பதிந்துவிட்டான். அவன் அப்பன் காலத்தோடு அந்த ஊர் போனது, அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டுப் போ, நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன். நானா, எனக்குப் பிள்ளை இல்லை. எத்தனையோ பிள்ளைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதில்லை. இவன் ஆறு மாதமாக என் பாயில்தான் படுக்கிறான். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான், "எனக்கு அது ஒண்ணுதாங்கம்மா இருக்கு." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இருபத்தாறாம் தேதி வட்டகொடையில் ரயில் ஏறுகிறார்கள். கீழ்கணக்கில் ஒருத்திக்கு அன்றைக்குத்தான் நாள் சொல்லியிருக்கிறேன், இரட்டைப் பிள்ளை மாதிரித் தெரிகிறது. என்னால் போக முடியாது. யாராவது ஸ்டேஷனில் நிற்க வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதினேன்.

இசபெல்


பெரிய வீதி
28 ஓகஸ்ட் 1955

அன்புத் தங்கச்சிக்கு,

போனேன். செரீபாவும் வருவதாகச் சொன்னாள். மாசமாக இருக்கிறவள், பஸ்ஸில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையும் ஒரு டின் பால்மாவும் கொடுத்தனுப்பினாள்.

நல்ல மூடுபனி. பிளாட்பாரத்தில் ஏழெட்டுக் குடும்பம் தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக நின்றார்கள், எல்லோரும் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு. மாயாண்டியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சலாம் சொல்லவில்லை, அவனும் கும்பிடவில்லை.

பிறகு அவனாகவே கேட்டான். "பைப்புல தண்ணி நல்லா வருதுங்களா?"

"வருதுப்பா."

"ராவைக்கும் வருதா?"

"எல்லா நேரமும் வருது."

தலையை ஆட்டிக்கொண்டான். அவன் மே மாதத்துக்கு முன்னாலேயே லயத்தை விட்டுப் போனவன், அதில் ஒரு வாய் குடித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரயில் வந்ததும், "செத்த புடிச்சிக்கங்க மொதலாளி, பெட்டிய ஏத்திட்டு வந்துர்றேன்" என்று பிள்ளையை என் கையில் கொடுத்தான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. பைஸரை விட ஒரு வயது சின்னவன், ஆனால் பைஸரின் பாதிப் பாரம்கூட இல்லை. என் தோளில் வாயை வைத்துக்கொண்டு மூச்சு விட்டான். மாயாண்டி பெட்டியை ஏற்றினான், பாயை ஏற்றினான், இன்னொரு குடும்பத்தின் மூட்டையையும் ஏற்றிக் கொடுத்தான். எனக்கு அவன் மெதுவாகச் செய்தால் தேவலை என்றிருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "குடுங்க" என்றான். கொடுத்தேன். சட்டையையும் பால்மாவையும் கொடுத்தேன். ரயில் போய்விட்டது. சொல்ல நினைத்தது ஒன்றையும் சொல்லவில்லை தங்கச்சி.

செரீபாவுக்கு டிசம்பர் முதல் வாரம் நாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறேன், இசபெல் அக்கா வரட்டும் என்கிறாள். கேட்க எனக்கு முகமில்லை. அவளுக்காகக் கேட்கிறேன்.

சரிபுதீன்


நரிப்பாறைத் தோட்டம், மேல்கணக்கு
4 செப்டெம்பர் 1955

சரிபுதீன் நானாவுக்கு,

ஸ்டேஷனுக்குப் போனதற்கு நன்றி. பிள்ளை தூங்கிக்கொண்டு போனான் என்பது எனக்கு ஆறுதல். விழித்திருந்தால் என்னைத் தேடியிருப்பான். கீழ்கணக்கில் இரட்டைப் பிள்ளைதான், இரண்டும் பெண், தாயும் சுகம்.

செரீபாவுக்கு வலி கண்டதும் ஆள் அனுப்புங்கள். எந்த மழையானாலும் வருவேன். அவளுக்காகவும் பிறக்கப் போகிற பிள்ளைக்காகவும் வருவேன். முன்னைப் போல உங்கள் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வர என்னால் முடியாது. கோட்டில் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அது பெரிய காரியம், வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதை மறக்கமாட்டேன். மற்றதையும் மறக்க முடியவில்லை. இரண்டும் என்னிடம் இருக்கட்டும். ஒன்றை வைத்து ஒன்றை அழித்துவிடச் சொல்லாதீர்கள்.

மாயாண்டி இருந்த காம்பராவுக்குப் புதுக் குடும்பம் வந்திருக்கிறது. பதுளைப் பக்கத்திலிருந்து மாறி வந்தவர்கள். அந்தப் பெண் இன்று காலை பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இருந்த தோட்டத்தில் லயத்துக்குப் பைப் கிடையாதாம்.

"யாருங்கம்மா இத நமக்குப் போட்டுக் குடுத்தது? தொரையா?" என்று கேட்டாள்.

அங்காயி என்றேன்.

"அவுங்க எந்த லயம்?" என்று கேட்டாள்.

இசபெல்